மச்சான் கத்தியைத் தொடாத வருஷம்

என் மனைவியின் தம்பிக்கு என்மேல் ஒரே ஒரு குறை. எனக்கு விவசாயம் தெரியாது என்பான். நானும் அவனும் ஒரே கல்வராயன் மலையில் பிறந்தவர்கள்தான். அவன் மேலேயே இருந்து சாமையும், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் போடுகிறான். நான் பிழைப்புக்காகக் கீழே இறங்கி, கச்சிராயபாளையம் பக்கத்து நர்சரி ஒன்றில் மாங்கன்றுகளுக்கு ஒட்டு கட்டுகிறேன். "கவர்ல மண்ண ரொப்பி, தண்ணி ஊத்தி, நெழல்ல குந்திக்கினு கட்டுப் போடறதுக்குப் பேரு வெவசாயமா மாமா? அது நர்ஸு வேல" என்று கல்யாண வீடு, காரிய வீடு பார்க்காமல் சொல்வான். மாமனும் மச்சானும் கேலி பேசாமல் இருந்தால்தான் எங்கள் பக்கத்தில் என்ன சண்டை என்று விசாரிப்பார்கள். ஆகவே நானும் சும்மா இருந்ததில்லை.

அவன் வீட்டு வாசலில் ஒரு மாமரம் உண்டு. என் மனைவி பிறந்த வீடும் அதுதான் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து அந்த மரத்தின் பெருமையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் பழம் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வழியாக நடந்து போகிறவர்கள் காய் என்று நினைத்துத் தொடாமல் போய்விடுவார்கள். குரங்குக்கு மட்டும் உண்மை தெரியும். அறுத்தால் உள்ளே நல்ல மஞ்சள், தோலை ஒட்டிய இடத்தில் மட்டும் லேசான புளிப்பு. நான் பங்கனப்பள்ளியும் செந்தூராவும் இமாம்பசந்தும் எத்தனையோ கட்டியிருக்கிறேன். இதைப் போல ஒன்று என் கைக்கு வந்ததில்லை. வீட்டில் இதை ஒப்புக்கொள்வதற்கே எனக்குச் சில வருஷங்கள் ஆயின.

அதன் கொட்டையை நட்டு முளைத்த கன்றுகள் எல்லாம் வளர்ந்து வேறு எதையோ காய்த்தன. மாங்கொட்டையின் குணம் அது. அதே பழம் வேண்டுமென்றால் அந்த மரத்துக் குச்சியையே வேறொரு கன்றின்மேல் ஒட்ட வேண்டும். ஊருக்கெல்லாம் ஒட்டு கட்டுகிற புருஷனுக்கு மாமியார் வீட்டு மரம் மட்டும் கண்ணில் படவில்லை என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நம் மரம்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன வருஷம் ஆடி மாதம் நாங்கள் மேலே போனபோது, மரம் கிட்டத்தட்ட ஓடிவிட்டிருந்தது. ஒரு பக்கத்துக் கிளைகளில் இலை சுருண்டு காய்ந்து தொங்கியது. அடிமரத்தில் ஓட்டைகள். ஓட்டைக்குக் கீழே மரத்தூள் குவிந்து கிடந்தது. தண்டைத் துளைக்கிற புழு உள்ளே புகுந்து வெகு நாளாகியிருந்தது. கம்பியை விட்டுக் குத்தினேன், மருந்தைப் பஞ்சில் நனைத்துத் திணித்தேன், களிமண் வைத்து அடைத்தேன். ஆனாலும் அடுத்த சித்திரைக்கு அது காய்க்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவி மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள். "இத வுட்டா இந்தப் பழம் வேற எங்கியும் இல்ல. எதுனா பண்ணுங்க" என்றாள். அவள் என்னிடம் கெஞ்சுவது அபூர்வம். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

பச்சை இருந்த பக்கத்தில் நல்ல குச்சிகளாகப் பார்த்து வெட்டலாம் என்று பையிலிருந்து கத்தியை எடுத்தேன். மச்சான் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, கத்திய உள்ள வெய்ங்க. அவ முழுவாம இருக்கா இல்ல."

அவன் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் புருஷன்காரன் மரத்தை வெட்டக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாதிப் பேர் கடைப்பிடிப்பார்கள், பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். மச்சானும் மறந்தவன்தான். இதற்கு முன்னால் அவள் கர்ப்பமாக இருந்தபோது, கூரைத் தகரத்தில் உரசிக்கொண்டிருந்த கிளை ஒன்றை இதே மரத்திலிருந்து அவன்தான் வெட்டிப் போட்டான். அந்த வாரமே கரு கலைந்துவிட்டது. டாக்டர் ஏதேதோ காரணம் சொன்னார். ஊரில் யாரோ கிளையைக் காட்டினார்கள். மச்சானுக்கு டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. தன் கையாலேயே தன் பிள்ளையைப் போக்கிக்கொண்டதாக நினைத்துக்கொண்டான். அதனால் இந்தத் தடவை அந்த மரத்தில் யார் கத்தியும் படக் கூடாது என்றிருந்தான். என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேலி பேசவில்லை.

மற்றதையெல்லாம் பேசினேன். பேசாமல் இருக்க முடியவில்லை. மார்பு வரை தாடி வைத்திருந்தான். திருக்கோவிலூர்ப் பக்கம் போனால் காலில் விழுந்து விபூதி கேட்பார்கள் என்றேன். வெட்டுவது, அறுப்பது எதுவும் ஆகாது என்று சாமை அறுப்புக்கு ஆள் வைத்திருந்தான். குச்சிக்கிழங்கு மட்டும் பிடுங்குவதுதானே, வெட்டுவதில்லையே என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பிடுங்கினான். வீட்டில் வெங்காயம் அரிகிற சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான். "அது சோத்துக்கு அரியறது, அது கணக்குல வராதுன்னு அவரே ஒருநாளு சொன்னாருண்ணா" என்று அவன் மனைவி சிரித்தாள். நான் அவளுக்கு அண்ணன் முறை. நிறைய பேசமாட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

குழந்தை பிறக்கட்டும், பிறகு வெட்டலாம் என்று காத்திருக்க முடியாது. அதற்குள் மரத்தில் பச்சைக் குச்சியே இருக்காது. யோசித்துப் பார்த்துவிட்டு, "வெட்டாமலே ஒட்டு கட்டறேன், ஒத்துக்கிறியா?" என்று கேட்டேன். இந்தக் காலத்தில் நர்சரியில் யாரும் செய்யாத நெருக்கு ஒட்டைத்தான் சொன்னேன். அதற்குக் குச்சியை மரத்திலிருந்து பிரிக்க வேண்டாம். கவரில் வளர்ந்த நாட்டு மாங்கன்றை மரத்துக்கிட்டே கொண்டுபோய், கிளை உயரத்துக்குப் பரண் போட்டு அதில் வைக்க வேண்டும். கன்றின் தண்டில் ஒரு பக்கம், கிளையில் ஒரு பக்கம் பட்டையோடு லேசாகச் சீவி, இரண்டையும் சேர்த்து நாடாவால் கட்டிவிட வேண்டும். கன்று தன் வேரில் நிற்கும், கிளை தன் மரத்தில் நிற்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு கிளையை மரத்திலிருந்து அறுத்துப் பிரித்துக்கொள்ளலாம். அதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

மச்சான் தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தான்.

"சீவறது வெட்டறது ஆவாதா?"

"நீ தாடிய சீவுறியே, அது முடி வெட்டறதா?"

"சரி. ஆனா மரத்துலேருந்து ஒரு இல கூட அறுந்து கீழ வுழக் கூடாது மாமா."

மறுவாரமே கன்றுகளைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போனேன். மூங்கில் பரணை அவனே கட்டினான், எனக்குத்தான் விவசாயம் தெரியாதே. நான் சீவத் தொடங்கியதும் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வுழுந்துதா? எதுனா வுழுந்துதா?" என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். சீவிய பட்டைத் துண்டுகளையெல்லாம் கீழே விழாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டி முடித்தபோது பை நிறைய மாம்பட்டை இருந்தது. என் வேலையில் இவ்வளவு சட்டதிட்டத்தோடு நான் ஒட்டு கட்டியதே இல்லை.

கட்டுவது அரை நாள் வேலை. அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வதுதான் வேலையே. மச்சான் அதில் குறை வைக்கவில்லை என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். பரணில் இருக்கிற கவர் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று சொன்னேன். காலையும் சாயங்காலமும் ஏணி போட்டு ஏறி ஊற்றினான். காற்றில் கிளை ஆடினால் கட்டு நெகிழும் என்று சொன்னேன். கிளைகளைப் பரணோடு சேர்த்துக் கயிறு போட்டுவிட்டான். டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி எனக்குத் தினமும் போட்டோ அனுப்பினான். போட்டோவில் பாதி அவன் கட்டைவிரல், மீதியில் ஒரு கவர். என் மனைவி அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சந்தோஷப்படுவாள்.

நன்றாக இருந்ததுதான் தொல்லை. மழை ஈரத்துக்கு நாட்டுக் கன்றுகள் தங்கள் தலையில் புதுத் துளிர் விட்டன. கட்டுக்கு மேலே இருக்கிற அந்தத் தலையைக் கிள்ளிவிட வேண்டும். கட்டுக்குக் கீழே முளைக்கிற பக்கத் துளிரையும் கிள்ள வேண்டும். கிள்ளினால்தான் வேர் உறிஞ்சுகிற சத்து ஒட்டின கிளைக்குப் போகும். கிள்ளாவிட்டால் கன்று தன் தலையையே வளர்த்துக்கொண்டு, பக்கத்தில் கட்டிவைத்த கிளையைக் கவனிக்காது. அப்புறம் தாய் மரத்திலிருந்து பிரித்ததும் கிளை காய்ந்துபோகும். இதைப் போனில் விளக்கமாகச் சொன்னேன்.

"கிள்ளக் கூடாது மாமா" என்றான்.

"டேய், அது மரம் இல்லடா, நான் நர்சரிலேருந்து எடுத்துக்கினு வந்த கன்னு."

"நீங்கதான் ஒண்ணாக் கட்டிட்டீங்களே. இப்ப அதுவும் அந்த மரந்தான். கிள்ளறதும் அறுக்கறதும் ஒண்ணுதான்."

என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டான். எத்தனையோ பேருக்கு ஒட்டுக்கன்று விற்று, பராமரிப்பு சொல்லியிருக்கிறேன். தண்ணீர் ஊற்ற மறப்பார்கள், நாடாவைப் பிரிக்க மறப்பார்கள். கட்டின அன்றைக்கே இரண்டும் ஒரே மரம் ஆகிவிட்டது என்று முழுசாக நம்பியவனை நான் பார்த்ததில்லை. எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

புரட்டாசியில் நேரில் போனேன். பரண்மேல் நாட்டுக் கன்றுகள் செம்புநிறத் துளிரோடு தளதளவென்று நின்றன. மச்சான், பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக் காட்டுகிறவன் போல ஒவ்வொன்றாகக் காட்டினான். பிரித்ததும் எத்தனை காயப் போகிறது என்று நான் எண்ணிக்கொண்டே வந்தேன். சமையல் கட்டுப் பக்கமாகப் பரண் தாழ்ந்திருந்த மூலையில் இருந்த இரண்டு மூன்று மட்டும் தலையில்லாமல் மொட்டையாக இருந்தன.

"அது ஆட்டு வேல" என்றான் எரிச்சலோடு. "பரண்ல முன்னங்கால வெச்சி மேஞ்சிடுச்சு. பங்காளி வூட்டுக்கு ஓட்டி வுட்டுட்டேன் அத."

ஆடு போன பிறகும் அந்தக் கன்றுகள் துளிர்க்கவே இல்லையாம். ஆட்டு வாய் பட்டால் அப்படித்தான் என்றான். மற்றதையும் மேயவிட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவன் தண்ணீர் மொண்டு வரப் போன நேரத்தில், எட்டி நாலு தலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்றும் நினைத்தேன். கைகூட நீண்டது. அப்போது வாசலில் அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். நான் கிள்ளி, ஆகாதது ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்துவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் கையை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், மரம் போனால் போகட்டும், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் போதும் என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அடுப்பங்கரையில் போய் அழுதாள்.

கார்த்திகை மழையில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மச்சான் அன்றைக்கே சலூனுக்குப் போய்த் தாடியை எடுத்துவிட்டு வந்தான். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அவன் மனைவியே யாரோ என்று முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

அவர்கள் மலைக்குத் திரும்பிய பிறகு, தை மாதம் நல்ல வெயில் நாளில் போய்க் கன்றுகளைப் பிரித்தேன். இந்தத் தடவை மச்சான் பக்கத்திலேயே நின்றான். கட்டுக்குக் கீழே கிளையை அறுத்தேன், கட்டுக்கு மேலே நாட்டுக் கன்றின் தலையை அறுத்தேன். தளதளவென்று இருந்ததையெல்லாம் தன் அக்காவுக்கு என்று தனியாக எடுத்து வைத்தான். மொட்டைகளை என் பக்கம் தள்ளி, "இத நீங்க எடுத்துக்கினு போங்க, நர்ஸு வேலயப் பாருங்க" என்றான். உடனே பஸ்ஸில் ஏற்ற வேண்டாம், கொஞ்ச நாள் நிழலில் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். தாய் மரம் அதற்குள் முக்கால்வாசி காய்ந்திருந்தது. இது தவறினால் இன்னொரு தடவை கட்ட அதில் குச்சி இல்லை.

இரண்டு வாரத்திலேயே அக்காவுக்கு எடுத்து வைத்தவை ஒவ்வொன்றாக வாடின. போட்டோவில் கட்டைவிரல் பெரிதாகவும் கன்று சிறிதாகவும் ஆகிக்கொண்டே வந்தன. பிறகு போட்டோவே வரவில்லை. என் மனைவியும் கேட்பதை நிறுத்திவிட்டாள். மாசியில் ஒருநாள் நானே கிளம்பிப் போனேன். போகிற வழியெல்லாம் மச்சானுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். எனக்குக் கேலி வருகிற அளவுக்கு ஆறுதல் வராது.

பங்காளி வீட்டுக்கு ஓட்டிவிட்ட ஆடு திரும்பவும் வாசலில் கட்டியிருந்தது. மச்சான் அதன் முன்னால் குந்திக்கொண்டு பலா இலைக் கட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கொட்டகை நிழலைக் காட்டினான். காய்ந்த குச்சிகளுக்கு நடுவே அந்த மொட்டைக் கன்றுகள் இருந்தன. கட்டுக்கு மேலே, தாய் மரத்துக் கிளையிலிருந்து புதுத் துளிர் விட்டு உயிரோடு நின்றன. நான் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒட்டு நன்றாகச் சேர்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேறு வழியில்லாமல் கேலியில் இறங்கினேன்.

"இத்தினி வருஷம் ஒட்டு கட்டறேன், என்கிட்ட இப்பிடி ஒரு வேலக்காரன் இல்லியே மச்சான். ஆட்ட நர்சரிக்கு அனுப்பு. ஒரு மாலையும் வாங்கிப் போடு."

"போட வேண்டியதுதான் மாமா" என்றான் அவன், நிஜமாகவே. "நா அத அடிச்சி வேற ஓட்டுனேன்."

வாசற்படியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்.

"ஆட்டுக்கு எதுக்கு மால? கிள்ளுனது நானு."

"நீயா?" என்றேன். "மசக்கையாம்மா? மாந்துளிர் துன்னத் தோணுச்சா?"

"ஆமாண்ணா. தொவர்ப்பும் புளிப்புமா நல்லாத்தான் இருந்துச்சு. மொத நாளு அதுக்குத்தான் கிள்ளுனேன்." சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். என்னை விட்டுவிட்டுத் தன் புருஷனைப் பார்த்தாள். "அப்பறம் அதுக்கு இல்ல. எனக்கு எட்டுனது எல்லாம் தினம் கிள்ளுனேன். நீ காட்டுக்குப் போனதும் கிள்ளுவேன்."

மச்சான் இலைக் கட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான்.

"தினமுமா? பயமா இல்லியா உனுக்கு?"

"மொத மொத பயமாத்தான் இருந்துச்சு. நைட்டெல்லாம் வயித்தப் புடிச்சிக்கினு படுத்திருந்தேன். அப்பறமும் கிள்ளுனேன். இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல. பாரு, உன் புள்ள எப்பிடி இருக்குதுன்னு." குழந்தையின் காலை எடுத்து அவன் பக்கம் காட்டினாள். "அன்னிக்கும் நீ வெட்டுனதால ஆவல. அது தானா போச்சு. உன் கையால இல்ல."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேனே. உன் கையால ஆவலன்னு எத்தினி தபா சொன்னேன். வாயால சொன்னா நீ நம்புனியா?"

மச்சான் தாடி இல்லாத முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, ஆட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது என்று தெரிந்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அவனைவிடப் பெரிதாக அழ ஆரம்பித்தது. இருவரில் யாரை முதலில் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள். நான் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.